முன்னறைக் களஞ்சியம்

திருகோணமலையிலிருந்து புல்மோட்டைக்குச் செல்லும் கடலோரத் தெருவில் நிலாவெளியைக் கடந்து வடக்கே போகிறவர்கள், இடப்பக்கத்துக் களப்பும் வலப்பக்கத்துக் கடலும் ஒன்றையொன்று தேடி வந்து சந்திக்கின்ற ஓரிடத்தில் நீண்ட பாலமொன்றின் மேல் ஏறி இறங்குவார்கள். அந்த இடந்தான் இறக்கக்கண்டி. கடலையும் களப்பையும் நம்பிச் சீவியம் நடத்தும் இச்சிற்றூரின் வீடுகளில், அவை கல்வீடாயினும் கிடுகு வேய்ந்த வீடாயினும், முன்னறைக்கென்று தனியான ஒரு கௌரவம் உண்டு. வந்தவரை இருத்துவதற்குரிய கதிரைகளும், சுவரில் வரிசையாகத் தொங்கும் குடும்பப் படங்களும், அவற்றுக்கெல்லாம் நடுநாயகமாகப் பேசுகின்ற ஒரு பெட்டியும் தலைமுறை தலைமுறையாக அங்கே இருந்து வந்திருக்கின்றன. அந்தப் பெட்டி என் பாட்டனார் காலத்தில் வானொலியாயிருந்தது. என் தகப்பனார் காலத்தில் தொலைக்காட்சியாயிற்று. என் காலத்தில் அது கணினியாக மாறிக்கொண்டிருக்கிறது.

பாடசாலைக்கும் கந்தோருக்கும் உரியது என்று நாம் ஒதுக்கி வைத்த கணினி, பாட்டையும் படத்தையும் நாடகத்தையும் குடும்பத்தின் சொந்த ஞாபகங்களையும் ஒருங்கே வைத்து வழங்கும் பொழுதுபோக்கு நிலையமாக எவ்வாறு ஆகிறது, அதனால் ஒரு சாதாரணக் குடும்பத்துக்கு விளையும் பிரயோஜனம் என்ன, அதன்பொருட்டு நாம் செய்ய வேண்டிய காரியங்கள் யாவை என்பவற்றை நிதானமாக எடுத்துச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பேசும் பெட்டியின் பரம்பரை

இலங்கையில் வானொலி ஒலிபரப்பு 1925ஆம் ஆண்டு டிசெம்பர் 16ஆந் திகதி கொழும்பில் ஆரம்பமாயிற்று. இரண்டாம் உலக யுத்தத்தின்போது நேசநாட்டுப் படைவீரர்களின் பொருட்டு நிறுவப்பட்ட சக்திவாய்ந்த சிற்றலை நிலையம் யுத்தம் முடிந்தபின் இலங்கை அரசின் கைக்கு வர, 1949இல் ‘ரேடியோ சிலோன்’ என்ற பெயர் பிறந்தது. 1967இல் அது கூட்டுத்தாபனமாயிற்று. அதன் தமிழ்ச் சேவை பாக்கு நீரிணையைக் கடந்து தமிழகத்தின் பட்டிதொட்டிகளிலெல்லாம் ஒலித்ததும், எஸ். பி. மயில்வாகனம், கே. எஸ். ராஜா, ராஜேஸ்வரி சண்முகம், பி. எச். அப்துல் ஹமீத் ஆகியோரின் குரல்கள் இரு கரையிலும் வீட்டு மனிதரின் குரல்களைப்போல் பழகிப்போனதும், ‘சானா’ என்று எல்லோரும் அழைத்த சண்முகநாதன் வானொலி நாடகத்துக்கு இரசிகர் கூட்டமொன்றையே உண்டாக்கியதும் நம்மவர் மறவாத விஷயங்கள். காலையில் ‘பொங்கும் பூம்புனல்’ ஒலிக்கும்போது அடுப்படியில் நின்ற பெண்களும், வலை பொத்திக்கொண்டு வளவில் இருந்த ஆண்களும், பாடசாலைக்குப் புறப்பட்ட பிள்ளைகளும் ஒரே பாட்டைக் கேட்டார்கள் என்பதை இன்று நினைத்துப் பார்த்தால், அந்த ஒருமைப்பாடே ஒரு செல்வமாகத் தோன்றுகிறது.

ஒலிபரப்போடு எங்கள் கரைக்கு இன்னுமொரு சம்பந்தமும் உண்டு. ஜெர்மனியின் டொய்ச்ச வெல்ல நிறுவனம் 1984இல் திருகோணமலையின் வடக்குக் கடலோரத்தில் தன் அஞ்சல் நிலையத்தை இயக்கத் தொடங்கி, 1548 கிலோஹெர்ட்ஸ் மத்திய அலையிலும் பல சிற்றலைகளிலும் ஆசியாவை நோக்கி ஒலிபரப்பிற்று. பிற்காலத்தில் அந்நிலையம் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் வசமாயிற்று. உப்பங்காற்றில் நின்ற அந்த உயர்ந்த கோபுரங்கள் ஒலிபரப்பின் இயல்பையே கண்முன் நிறுத்தின: அனுப்புகிறவர் ஒருவர், கேட்பவர் எண்ணிறந்தோர், எதை, எந்நேரத்தில் கேட்பது என்பது அனுப்புகிறவரின் தீர்மானம். பெட்டி நம்முடையதாயிருந்தும் அதன் பேச்சு நம்முடையதன்று.

1979இல் சுயாதீனத் தொலைக்காட்சிச் சேவையும், 1982ஆம் ஆண்டு பெப்ரவரி 15ஆந் திகதி ஜப்பானிய அரசின் உதவியோடு ரூபவாஹினியும் தொடங்கியபின், வானொலியின் ஸ்தானத்தைத் தொலைக்காட்சி பற்றிக்கொண்டது. அக்காலத்தில் வடகிழக்குக் கிராமங்களில் தொலைக்காட்சிப் பெட்டியையும் ‘டெக்’கையும் மின்பிறப்பாக்கியையும் நாள் வாடகைக்குக் கொண்டுவந்து, முற்றத்தில் பாய் விரித்து, விடிய விடிய மூன்று படம் நான்கு படம் போட்டுப் பார்த்த இரவுகளை அநுபவித்தவர்கள் இன்னும் பலர் இருக்கிறார்கள். ஒலிபரப்புக்காரர் அனுப்பியதை அன்றித் தாமே தெரிந்தெடுத்ததைப் பார்க்கும் உரிமை, ஒளிநாடாவின் வழியாக அப்பொழுதுதான் ஊருக்கு முதன்முதல் வந்தது. யுத்த காலத்தில் மின்சாரம் அற்றுப்போன யாழ்ப்பாணத்தில் சைக்கிளின் டைனமோவைக் கையால் சுற்றி வானொலி கேட்டவர்களை நினைத்தால், பாட்டும் செய்தியும் மனிதருக்கு உண்டிக்கு அடுத்தபடியான அவசியம் என்பது விளங்கும்.

இப்பொழுதோ நாலு பேருள்ள வீட்டில் நாலு கைப்பேசி. தகப்பன் செய்தி பார்க்கிறார், தாய் நாடகம் பார்க்கிறாள், பிள்ளைகள் விளையாட்டிலோ சிறு காணொளிகளிலோ மூழ்கியிருக்கிறார்கள்; முன்னறையில் எல்லோரும் இருந்தும் அங்கே குடும்பம் இல்லை. கைப்பேசியைப் பழிப்பது என் கருத்தன்று. கடலுக்குப் போகிறவர் காற்றின் நிலையை அறிவதும், தூரதேசத்து மகனுடன் தாய் பேசுவதும் அதனாலேயே. ஆயினும் சிறு திரை ஒருவருக்கானது. பலர் சேர்ந்து பார்ப்பதற்குப் பெரிய திரையும், அவரவர் விருப்பத்துக்கு இடங்கொடுக்கும் பெரிய களஞ்சியமும் வேண்டும். இவ்விரண்டையும் இணைத்து வைப்பதுதான் கணினி செய்யும் உபகாரம்.

ஊடக நிலையம் என்பது யாது?

கணினியை முன்னறைக்குக் கொண்டுவரும் எண்ணம் புதியதன்று. மேசைமுன் குனிந்திருந்து விசைப்பலகையைத் தட்டுவதற்குப் பதிலாக, பத்தடி தூரத்திலே கதிரையில் சாய்ந்திருந்து ரிமோட்டினால் இயக்கத்தக்க ‘மீடியா சென்டர்’ பதிப்பொன்றை மைக்ரோசொப்ட் நிறுவனம் 2002இல் விண்டோஸ் எக்ஸ்பியோடு வெளியிட்டது. அதே காலத்தில், எக்ஸ்பொக்ஸ் என்ற விளையாட்டு யந்திரத்தில் படமும் பாட்டும் இயங்கச் செய்ய வேண்டும் என்று விரும்பிய தன்னார்வலர் சிலர் ஒரு மென்பொருளை எழுதத் தொடங்கினார்கள். அது படிப்படியாக எல்லாக் கணினிகளிலும் இயங்கும் நிலையை அடைந்து, 2014இல் ‘கோடி’ என்ற புதுப் பெயரைப் பெற்றது. பாரிஸ் நகரையடுத்த பொறியியற் கல்லூரி ஒன்றின் மாணவர்கள் 1996இல் தங்கள் வளாக வலையமைப்பில் காணொளி அனுப்புவதற்காகத் தொடங்கிய முயற்சியிலிருந்து வி.எல்.சி. என்ற இயக்கி பிறந்தது. 2001 முதல் அது எவரும் இலவசமாகப் பயன்படுத்தவும் திருத்தவும் தக்க உரிமத்தோடு வழங்கப்படுகிறது.

இவற்றின் பிற்காலத்தை ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. பெரிய நிறுவனத்தின் மீடியா சென்டர் 2015இல் விண்டோஸ் 10 வந்தபோது கைவிடப்பட்டது. அதை நம்பி முன்னறையை அமைத்தவர்கள் வேறு வழி தேட நேர்ந்தது. பலர் கூடிப் பொதுச் சொத்தாக வளர்த்த கோடியும் வி.எல்.சி.யும் இன்றுவரை வாழ்கின்றன. வீட்டின் ஞாபகங்களை ஒப்படைக்கும் பாத்திரத்தைத் தெரிவு செய்கையில், அதன் திறப்பு எவர் கையில் இருக்கிறது என்பதை முதலில் கேட்க வேண்டும்.

ஊடக நிலையம் என்று இங்கே நான் சொல்வது மூன்று உறுப்புகளின் கூட்டம். படமும் பாட்டும் சேர்த்துவைக்கப்படும் வன்தட்டு ஒன்று. அவற்றை வகைப்படுத்தி, அட்டைப் படத்தோடு வரிசையாகக் காட்டி, கேட்டதை எடுத்து இயக்கும் மென்பொருள் மற்றொன்று. அதைக் கண்ணுக்கும் காதுக்கும் கொண்டுவரும் தொலைக்காட்சியும் ஒலிபெருக்கியும் மூன்றாவது. நெல்லைச் சேமிக்கும் பட்டறை, அளந்து கொடுக்கும் கை, பரிமாறும் இலை என்று இவற்றை எண்ணிக்கொண்டால் விஷயம் எளிதாகும்.

யந்திரத்தை இருத்துதல்

இதற்குப் புதிய கணினி வாங்க வேண்டும் என்பதில்லை. விண்டோஸ் 10க்கான இலவசப் பாதுகாப்பு இற்றைப்படுத்தல்கள் 2025ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆந் திகதியோடு பொதுவாக நிறுத்தப்பட்டமையால், விண்டோஸ் 11ஐ ஏற்க இயலாத எத்தனையோ நல்ல கணினிகள் பயனற்றவை என்று மூலையில் தள்ளப்படுகின்றன. அவற்றில் லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவலாம். அல்லது திறந்தவுடன் நேரே கோடிக்குள் செல்லும் ‘லிப்ரெஎலெக்’ என்ற சிறு இயங்குதளத்தை இடலாம். 4 கிகாபைற் நினைவகம் இருந்தால் இந்த வேலைக்குப் போதும். கவனிக்க வேண்டியது ஒன்றே: காணொளியைச் சுருக்கி வைக்கும் முறைகள் காலத்துக்குக் காலம் மாறுவன. 2003இல் வகுக்கப்பட்ட எச்.264 முறையில் அமைந்த படத்தைப் பழைய கணினி சிரமமின்றி விரித்துக் காட்டும். 2013இல் வந்த எச்.265 முறை அதைவிடக் குறைந்த இடத்தில் அதே தரத்தைத் தருமாயினும், அதை விரிக்கும் சுற்று உள்ளே இல்லாத பழைய யந்திரம் மூச்சுத் திணறிப் படத்தை விட்டு விட்டுக் காட்டும். படம் தடங்கினால் கணினி கெட்டுவிட்டது என்று எண்ணாமல், கோப்பு எந்த முறையில் உள்ளது என்று பார்ப்பது விவேகம்.

கணினியைத் தொலைக்காட்சியோடு இணைப்பதற்கு எச்.டி.எம்.ஐ. வயர் ஒன்றே போதும். படத்தையும் ஒலியையும் அது ஒருசேரக் கொண்டுசெல்லும். சற்றுப் பழைய கணினியில் நீல நிறத்து வி.ஜி.ஏ. வாய் மாத்திரம் இருந்தால், அது படத்தையே சுமக்கும்; ஒலியைப் பச்சை நிறத் துளையிலிருந்து தனி வயரால் எடுக்க வேண்டும். குழாய்த் தொலைக்காட்சி இன்னும் உள்ள வீடுகளில், மஞ்சள், வெள்ளை, சிவப்பு என மூன்று வாய்களுக்கு மாற்றித் தரும் சிறு பெட்டி ஒன்றை இடையில் வைத்தால் படம் வரும். எழுத்துகள் மங்கலாகத் தெரியும் என்பதே குறை.

இணைத்தவுடன் பலரை மருட்டும் சங்கடங்கள் மூன்று. படம் தெரியும், ஒலி வராது. கணினியின் ஒலி அமைப்புக்குள் சென்று, வெளியீட்டுக்கு எச்.டி.எம்.ஐ.யைத் தெரிவு செய்தால் அது தீரும். படத்தின் ஓரங்கள் வெட்டுண்டு தோன்றும். அது கணினியின் குற்றமன்று, பழைய ஒளிபரப்பு வழக்கப்படி தொலைக்காட்சி ஓரங்களைச் சற்றே பெருக்கி மறைப்பதால் வருவது, ஆகையால் தொலைக்காட்சியின் படஅளவு அமைப்பில் உள்ளதை உள்ளபடி காட்டச் செய்ய வேண்டும். எழுத்து எறும்புபோல் தெரியும். திரை எழுத்தின் அளவை 150 அல்லது 200 சதவீதமாக உயர்த்தினால் கதிரையிலிருந்தே வாசிக்கலாம். இயக்குவதற்கு வயரில்லாத சிறு விசைப்பலகையோ, கைப்பேசியையே ரிமோட்டாக்கும் செயலியோ உதவும். வீட்டில் முதியவர் இருந்தால், அவர் விரும்பும் பாட்டுத் தொகுதியை முதற்பக்கத்திலேயே, ஒரே அழுத்தலில் ஒலிக்குமாறு அமைத்துக் கொடுப்பது பிள்ளைகளின் கடமை என்பேன்.

வீட்டில் வை-பை றவுட்டர் இருந்தால் இன்னொரு சௌகரியமும் உண்டு. ஜெலிபின் போன்ற இலவச மென்பொருளை நிறுவி, முன்னறைக் கணினியில் உள்ள பாட்டையும் படத்தையும் வீட்டின் எந்த மூலையிலும் கைப்பேசியில் கேட்கலாம், பார்க்கலாம். வீட்டுக்குள்ளேயே ஒரு யந்திரத்திலிருந்து மற்றொரு யந்திரத்துக்குப் போகும் இந்தப் போக்குவரத்து இணையத்துக்குச் செல்லாமையால், காசு கொடுத்து வாங்கிய டேட்டாவில் ஒரு துளியும் செலவாவதில்லை. மாத முடிவில் டேட்டா தீர்ந்துவிட்டதே என்று கவலைப்படும் குடும்பங்களுக்கு இது சிறிய நன்மையன்று. கணினியோடு ஒரு சிறு கமராவையும் பொருத்திவிட்டால், ரொறன்ரோவிலோ லண்டனிலோ தோஹாவிலோ இருக்கும் பிள்ளையின் முகம் கைப்பேசியின் விரற்கடை அளவிலன்றிச் சுவரளவாய்த் தோன்றும். பேரப்பிள்ளையின் பிறந்தநாளை வீடு முழுவதும் கூடியிருந்து கொண்டாடலாம். எங்கள் ஊர்களில் இதைவிடச் சிறந்த பொழுதுபோக்கு வேறொன்று இருப்பதாக நான் நினைக்கவில்லை.

களஞ்சியத்தில் கிரமம்

சேர்த்துவைத்தல் எளிது, வேண்டியபோது எடுத்தல் அரிது. ஒரு நிமிடப் பாட்டு சாதாரணத் தரத்திலான எம்பி3 கோப்பாக ஏறக்குறைய 1 மெகாபைற் இடத்தைக் கொள்ளும். அப்படியானால் ஒரு மணிநேர ஒலிநாடா 60 மெகாபைற்றுக்குள் அடங்கும். 1 டெராபைற் வன்தட்டு ஒன்றில் அத்தகைய ஒலிநாடாக்கள் பதினாறாயிரத்துக்கு மேல் அடங்கும். இரவு பகலாக ஓயாது கேட்டாலும் முடிவதற்கு ஏறத்தாழ இரண்டு வருடங்கள் செல்லும். இவ்வளவு பெரிய களஞ்சியத்தில் பெயரும் கிரமமும் இல்லாமற் கொட்டி வைத்தால், கடற்கரை மணலில் கைவிரல் மோதிரத்தைப் போட்ட கதையாகும்.

ஆகையால் முதலிலேயே நாலு பெரிய கோப்புறைகள் செய்துகொள்ளுதல் நன்று: பாட்டு, படம், நாடகமும் பேச்சும், எங்கள் வீடு. திரைப்படம் ஒவ்வொன்றையும் தனிக் கோப்புறையில் இட்டு, பெயரோடு அது வெளிவந்த ஆண்டையும் சேர்த்து எழுதினால், கோடி போன்ற மென்பொருள் இணையத்திலிருந்து அதன் அட்டைப் படத்தையும் நடிகர் விவரத்தையும் தானே தேடிக் கொணரும்; ஒரே பெயரில் இரு காலத்துப் படங்கள் தமிழில் பல இருப்பதால், ஆண்டு எழுதாவிட்டால் ஒன்றுக்கு மற்றொன்றின் விவரம் வந்து ஒட்டிக்கொள்ளும். ‘எங்கள் வீடு’ என்ற கோப்புறையில் ஆண்டு, மாதம், திகதி என்ற வரிசையில் பெயர் தொடங்க வேண்டும். அப்படிச் செய்தால் கணினி தானாகவே கால ஒழுங்கில் அடுக்கித் தரும். படத்தில் இருப்பவர் யார் யார் என்பதை, தெரிந்த முதியவர் உயிரோடிருக்கும்போதே கேட்டு எழுதிவிட வேண்டும். பெயர் எழுதப்படாத படம் இரண்டு தலைமுறையில் அந்நியரின் படமாகிவிடும்.

இணையத்தில் எல்லாம் கிடைக்கும்போது வீட்டிலே சேர்ப்பது ஏன் என்று கேட்பவர் உண்டு. சந்தா செலுத்திப் பார்க்கும் சேவைகளில் இன்றைக்கு இருக்கும் படம் உரிம ஒப்பந்தம் முடிந்தால் நாளைக்கு இராது. சந்தாவை நிறுத்தினால் எதுவுமே இராது. அது வாடகை வீடு. வன்தட்டில் இருப்பது சொந்த வளவு. ஆயினும் சொந்தம் என்ற சொல் நேர்மையாக இருக்க வேண்டும். இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கலைஞரின் உரிமையைக் காக்கிறது. பாடியவரும் நடித்தவரும் எழுதியவரும் தங்கள் பிரயாசைக்குப் பலன் பெறாமல் கலை வளராது. முறையாக வாங்கிய இசைத்தட்டுகளும், உரியவரே இலவசமாய் வழங்குபவையும், நம் வீட்டில் நாமே பதிந்தவையுமே களஞ்சியத்தை நிரப்பப் போதுமானவை. களவுப் பிரதிகளைத் தருகின்ற தளங்களிலிருந்து படத்தோடு தீநிரல்களும் வந்து சேர்வதால், அறத்துக்கு மாத்திரமன்றி யந்திரத்துக்கும் அவை கேடாகும்.

ஒலிநாடாவிலிருந்து வன்தட்டுக்கு

எங்கள் வீடு என்று நான் பெயரிட்ட கோப்புறைதான் இம்முயற்சியின் உயிர். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போனவர்கள், தொலைபேசி அரிதாயிருந்த அக்காலத்தில், ஒலிநாடாவிலே பேசிப் பதிந்து ஊருக்கு வருபவர் கையில் கொடுத்தனுப்புவார்கள். வாசிக்கத் தெரியாத தாய்க்கும் அந்தக் கடிதம் விளங்கும். எங்கள் வீட்டுக்கும் தாய்மாமனிடமிருந்து அப்படியான ஒலிநாடாக்கள் வந்தன. அம்மம்மா அவற்றைச் சுற்றியிருந்தவர்களோடு கேட்பார். பிறகு தனியாகவும் கேட்பார்.

ஒலிநாடாவைக் கணினிக்கு மாற்றப் பெரிய வித்தை ஒன்றும் வேண்டியதில்லை. ஒலிநாடா இயக்கியின் காதொலித் துளையிலிருந்து கணினியின் நீல நிற ஒலி உள்வாய்க்கு ஒரு வயரை இணைத்து, ‘ஒடாசிற்றி’ என்ற இலவச மென்பொருளைத் திறந்து, நாடாவை ஓடவிட்டுப் பதிய வேண்டும். மடிக்கணினியில் அந்த உள்வாய் இல்லையாயின் யூ.எஸ்.பி.யில் செருகும் சிறு ஒலிப் பொருத்தி அந்தக் குறையைத் தீர்க்கும். 60 நிமிட நாடாவுக்கு 60 நிமிடமே செல்லும், அவசரப்பட வழியில்லை. தொடங்குமுன், நாடா உரசிச் செல்லும் உலோகத் தலையைச் சுத்தமான ஸ்பிரிற்றில் தோய்த்த பஞ்சினால் துடைத்துவிட்டால் மங்கிய குரலும் தெளியும். கல்யாண வீட்டு ஒளிநாடாக்களுக்கு, ‘டெக்’கையும் கணினியையும் இணைக்கும் யூ.எஸ்.பி. கருவி ஒன்று வேண்டும். இதில் தாமதம் ஆகாது. உலகில் இறுதியாக வி.எச்.எஸ். டெக்குகளைச் செய்துவந்த ஜப்பானிய நிறுவனமும் 2016இல் அதை நிறுத்திவிட்டது. இருக்கின்ற டெக்குகள் பழுதாகி முடிந்தபின், அலுமாரியில் நாடா இருந்தும் அதில் உள்ள மணமக்களைக் காண வழியிராது. கடலோர ஈரத்தில் நாடாவில் வெண்பூஞ்சணம் படர்வதும் உண்டு. அப்படிப் படர்ந்ததை அப்படியே ஓடவிட்டால் நாடாவும் கெடும், டெக்கும் கெடும். அதை இவ்வேலை அறிந்தவரிடமே கொடுக்க வேண்டும்.

உப்பங்காற்றும் மின்வெட்டும்

கொழும்பில் எழுதப்படும் அறிவுரைகள் இறக்கக்கண்டிக்கு முற்றும் பொருந்தா. இங்கே காற்றில் உப்பு இருக்கிறது. இரும்பை மாத்திரமன்றி வயர் முனைகளையும் சுற்றுப் பலகைகளையும் அது மெல்ல அரிக்கிறது. கணினியை யன்னலுக்கு நேரே வையாமலும், நிலத்தில் வையாமலும், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி மேசைமேல் வைக்க வேண்டும். ஓடும்போது சீலையால் மூடக் கூடாது. ஓய்ந்து சூடு தணிந்தபின் மூடலாம். மூன்று மாதத்துக்கொருமுறை மின்விசிறியில் படிந்த தூசியைத் துடைத்து, வயர் முனைகளைக் கழற்றி மாட்டினாலே பாதி வருத்தங்கள் வராமற்போகும். பல நாள் தொடர்ந்து பாவியாமல் விடுவதைவிட, தினமும் சிறிது நேரம் ஓடவிடுவது நல்லது. ஓடும் யந்திரத்தின் இளஞ்சூடு ஈரத்தை அண்டவிடாது.

வடகீழ்ப் பருவமழை நெருங்கும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மின்னல் பெரும் சத்துரு. சுவிச்சை அணைத்துவிட்டால் போதும் என்று எண்ணுவது பிழை. மின் பிளக்கையும், அன்ரனா வயரையும், தொலைபேசி வயரையும் சேர்த்துக் கழற்ற வேண்டும். மின்வெட்டைப் பொறுத்தமட்டில், 2022ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை இருளில் கிடந்த அநுபவம் நாட்டுக்கே உண்டு. திடீரென மின்சாரம் நிற்கும்போது எழுதிக்கொண்டிருக்கும் வன்தட்டு ஊறுபடும். ஒரு சிறிய யூ.பி.எஸ். இருந்தால் ஒழுங்காக மூடிவைக்கும் அவகாசம் கிடைக்கும். செலவைக் கணக்கிட விரும்புவோர்க்கு வழி இது: 100 வாற் மின்சாரத்தை உண்ணும் மேசைக் கணினி பத்து மணிநேரம் ஓடினால் ஓர் அலகு, கையளவான சிறு கணினிகள் அதில் ஐந்தில் ஒரு பங்கிலும் அடங்கும். இலவசமாய்க் கிடைத்த பழைய யந்திரம், நாள் முழுவதும் ஓடுமாயின், மின்கட்டணத்தில் தன் விலையை வாங்கிவிடும் என்பதையும் மறக்கலாகாது.

ஒரே இடத்தில் வையாதே

2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆந் திகதி காலையில் கடல் எழுந்து வந்தபோது, நிலாவெளி முதற்கொண்டு குச்சவெளி ஈறாக இக்கரையில் எத்தனையோ உயிர்களும் வீடுகளும் போயின. உயிர் பிழைத்தவர்கள் சில நாள் கழித்துத் திரும்பி வந்து சேற்றிலே தேடியவற்றுள் முதன்மையானவை நகையுமல்ல, பணமுமல்ல, படங்கள். போனவரின் முகத்தை வைத்திருந்த ஒரே படம் சுவரோடு போய்விட்ட வீடுகள் பல. அதற்கு முன்னும் நம்மவர் இப்பாடத்தை நெருப்பிலே படித்திருக்கிறார்கள். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. வேறெங்கும் பிரதி இல்லாத ஓலைச்சுவடிகளும் கையெழுத்துப் பிரதிகளும் அவற்றோடு போயின. 2005இல் தொடங்கிய நூலகம் என்ற எண்ணிம நூலகம், ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும், பின்னர் ஒலி, ஒளிப் பதிவுகளையும் எண்ணிம வடிவில் சேர்த்து எவரும் எங்கிருந்தும் வாசிக்க வைத்திருப்பது அந்தத் துக்கத்துக்கு ஒரு சமுதாயம் செய்த பரிகாரமாகும். சமுதாயம் பெரிதாகச் செய்ததை ஒவ்வொரு குடும்பமும் சிறிதாகச் செய்யலாம்.

வன்தட்டு முன்னறிவிப்பின்றிச் சாகும் பொருள். ஆதலால் ‘எங்கள் வீடு’ என்ற கோப்புறைக்கு மூன்று பிரதிகள் வேண்டும்: ஒன்று முன்னறைக் கணினியில், ஒன்று தனியான வன்தட்டில், அலுமாரிக்குள், மூன்றாவது இன்னோர் ஊரில். கடலோரத்தில் இருப்பவர் தம் மூன்றாம் பிரதியை மேட்டு நிலத்தில் உள்ள உறவினர் வீட்டிலும், அவர்கள் தங்கள் பிரதியை இவரிடத்திலும் வைத்துக்கொள்ளலாம். வெளிநாட்டுப் பிள்ளையிடம் ஒன்று இருந்தால் இன்னும் நல்லது. வருடத்துக்கு ஒருமுறை, பொங்கலுக்கோ பெருநாளுக்கோ ஒன்றுகூடும்போது, புதியவற்றைச் சேர்த்துப் பழையவை திறக்கின்றனவா என்று பார்த்துவிட வேண்டும். திரைப்படம் போனால் மறுபடி வாங்கலாம். ‘எங்கள் வீடு’ போனால் விற்பார் இல்லை.

எங்கள் வீட்டுக் கதையைச் சொல்லி முடிக்கிறேன். கடல் வந்தபோது வானொலியும், தொலைக்காட்சியும், அலுமாரி நிறைய இருந்த ஒலிநாடாக்களும் போயின. மாமன் பேசிய ஒலிநாடாக்களுள் ஒன்று மாத்திரம், அதற்குச் சில வாரம் முன்னே சின்னம்மா கேட்பதற்கென்று திருகோணமலைப் பட்டினத்துக்குக் கொண்டுபோயிருந்தமையால், பிழைத்தது. காப்பாற்ற வேண்டும் என்று எவரும் அதைக் காப்பாற்றவில்லை. வேறோர் இடத்தில் இருந்தது, அவ்வளவே. பல வருடங்களுக்குப்பின் அதைக் கணினிக்கு மாற்றி, முன்னறைத் தொலைக்காட்சியோடு இணைத்து, ஒரு நாள் பின்னேரம் ஒலிக்கவிட்டேன். மாமனைக் கண்டிராத பிள்ளைகள் கைப்பேசிகளைக் கீழே வைத்துவிட்டு வந்து பாயில் அமர்ந்தார்கள். நடுவிலே, அவர் பேச்சை நிறுத்தித் தும்மி, “தூசி அம்மா, இங்க மழையே இல்லை” என்று சொல்லும் இடம் வந்தது. அம்மம்மா கையை உயர்த்தினார்.

“தம்பி, அந்தத் தும்மின இடத்தை இன்னொருக்காப் போடு ராசா.”

போட்டேன். வானொலி அதைத் திருப்பிப் போட்டிராது. அதன் பேச்சு நம்முடையதன்று. அன்றைய இரவே அந்தக் கோப்பின் பிரதி ஒன்றைப் பட்டினத்துக்குக் கொடுத்தனுப்பினேன்.